மார்ச்சிலேயே தெரியும்

என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. நர்சிங் என்று போட்டுக்கொள்கிறேன். பட்டம் உண்மையானது. அதை வாங்கிய கதையில் பாதியை மறைத்துவிட்டு மீதியைச் சொல்லித் திரிந்தேன். அதை நம்பி ஒரு பெண் இரண்டு வருடத்தை இழந்தாள்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். காய்ச்சல் என்றால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பி.பி. மாத்திரையை நிறுத்தலாமா, ஸ்டான்லியில் எந்த வார்டுக்குப் போக வேண்டும், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் பிரசவத்துக்கு எப்போது சேர வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். பதில் தெரியாதபோதும் சொல்வேன். தெரியாது என்ற சொல் எனக்கு வாயில் வராது. இந்தக் கர்வத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றவையெல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

"வீட்ல இருந்துகிட்டே டிகிரி முடிச்சேன்" என்று சொல்வதில் எனக்கு ஒரு சுகம். குழந்தையையும் நைட் டியூட்டியையும் வைத்துக்கொண்டு படித்தவள் என்று பெயர். நான் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994-இல் தொடங்கிய அந்தப் படிப்பு, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். ஏற்கெனவே ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோவை முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, வேலையில் இருக்கும் நர்சுகளுக்கானது. நுழைவுத் தேர்வு உண்டு. குறைந்தது 3 வருடம் ஆகும். நேரடி வகுப்பும் வார்டுப் பயிற்சியும் அதிலும் உண்டு. அதற்கு முன்பே நான் ஹாஸ்டலில் தங்கி மூன்றரை வருடம் ஜி.என்.எம். படித்திருந்தேன். பெட் பேன் எடுத்தேன். ஊசி போடக் கை நடுங்கி டியூட்டரிடம் திட்டு வாங்கினேன். என்னை நர்ஸ் ஆக்கியது அந்த வருடங்கள்தான். அவற்றைச் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்களின் வியப்பு குறைந்துவிடும். அதனால் சொன்னதில்லை.

பின் தெருவில் ஒரு பெண். பிளஸ் டூ முடித்திருந்தாள். அப்பா காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். தான் பிறந்த ஆர்.எஸ்.ஆர்.எம்.மிலேயே நர்சாக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஒரு நாள் சாயங்காலம் ஒரு நோட்டீஸோடு வந்தாள். நர்சிங் டிப்ளமோ, தபால் வழி, இரண்டு வருடம், தவணையில் கட்டலாம். "நீங்க படிச்ச மாதிரிதானேக்கா இது? செல்லுமா?"

நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நோட்டீஸில் கண்ணை ஓட்டினேன், படிக்கவில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று தேடியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். 1947-ஆம் வருடச் சட்டத்தால் ஏற்பட்ட அந்தக் கவுன்சில் ஒப்புக்கொள்ளாத படிப்பை வைத்துக்கொண்டு இங்கே யாரும் நர்சாகப் பதிவு செய்ய முடியாது. நோயாளியைத் தொடாமல் தபாலில் படித்து யாரும் நர்ஸ் ஆக முடியாது என்பது வார்டில் நின்ற எனக்குத் தெரியாததா? நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். "நானே கரஸ்லதான் டிகிரி முடிச்சேன். தாராளமா சேரு" என்றேன். சிஸ்டரே சொல்லிவிட்டது என்று அவர்கள் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

அவளுடைய இரண்டாம் வருடம், மார்ச் மாதம். நான் வேலை பார்க்கும் இடத்துக்கு வேலை கேட்டு வேறொரு பெண் வந்தாள். அதே நிறுவனத்தின் சான்றிதழ். மேட்ரன் பதிவு எண்ணைக் கேட்டார். அவளிடம் இல்லை. சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்துக்குப் போயிருக்கிறாள். இந்தப் படிப்புக்குப் பதிவு கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே பின் தெருவுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. சிஸ்டருக்கே தெரியாதா என்று தெரு பேசுமே என்று பயந்தேன். கட்டிய பணத்தை என்னிடம் கேட்பார்களோ என்றும் பயந்தேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் அந்தப் பயம் இருந்தது. அவளாகவே தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த வீட்டில் அப்போது அப்பாவின் வருமானம் நின்றுபோகும். அரசு தரும் நிவாரணத்தில் குடும்பம் நடத்த முடியாது. கடைசித் தவணை அந்த நாட்களில்தான் வந்தது. அவள் அம்மா கழுத்துச் செயினை அடகு வைக்கப் போகிற வழியில் என் வாசலில் நின்றார். "இதோட முடிஞ்சுது சிஸ்டர். அப்பால அவ சம்பாதிப்பா."

நான் தலையை ஆட்டினேன்.

முதலில் செய்தது கவனக்குறைவு. இது தெரிந்தே செய்தது. வாயைத் திறந்திருந்தால் அந்தச் செயின் அவர் கழுத்தோடு வீடு திரும்பியிருக்கும்.

படிப்பு முடிந்து, அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு விண்ணப்பத்தில் பதிவு எண் கேட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் ஓடி வந்தாள். அப்போதுதான் சொன்னேன். "உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?" என்றாள். "நேத்துதான் விசாரிச்சேன்" என்றேன். அப்போதும் பொய்.

இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். இந்த வருடம் ஜி.என்.எம்.முக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். இதை என் கணக்கில் வரவு வைக்கக் கேட்கவில்லை. முறையாகச் சேர்ந்த அவளுடைய பள்ளித் தோழிகள் இதற்குள் வார்டில் நிற்கிறார்கள்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மார்ச்சிலேயே தெரியும் என்று சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மாதான் பேசினார். "அந்தக் கடைசித் தவணையையாவது கட்டாம இருந்திருப்போமே சிஸ்டர்." அந்தத் தொகையைக் கொண்டுபோயிருந்தேன். வாங்கிக்கொண்டார். செயின் அதற்குள் ஏலத்தில் போயிருந்தது.