எண்ணி வாங்கும் இனிப்பு

தில்லியில் பர்ஃபி நெடுங்காலமாக எண்ணப்படாத பெயர். கடைக்காரரிடம் எவரும் பத்துப் பர்ஃபி கேட்பதில்லை. ‘பாவ் பர்’, ‘ஆதா கிலோ’ என்றே கேட்பர். கால் கிலோவுக்குள் எத்தனை துண்டு ஏறும் என்பது தராசின் கவலை. எடை சற்றுக் குறைந்தால் அரைத்துண்டு முறித்துப் போடப்படும். அரிசியும் பருப்பும் போல, அளந்து வாங்கும் பொருளாகவே இனிப்பு அங்கே பேச்சில் நிலைத்திருக்கிறது.

தென்தில்லிச் சந்தைகளில் அண்மை ஆண்டுகளில் தோன்றியுள்ள உயர்விலை இனிப்பகங்களுக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படாதது தராசுதான். நகைக்கடைப் பேழை போன்ற கண்ணாடிக்குள், தாள்கிண்ணத்துக்கு ஒன்றாக, ஒன்றையொன்று தொடாமல் இனிப்புகள் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னும் ஆங்கிலத்தில் ஓர் அட்டை. உதிரி இனிப்புகளுக்கும் எந்நாளுக்குள் உண்பது நலம் என்பதைக் காட்டவேண்டும் என்ற விதி 2020 அக்டோபரில் எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக நடைமுறைக்கு வந்தது. தெருமுனைக் கடையில் அது தட்டில் சாய்த்த ஒரு துண்டுத்தாள். இங்கே அதுவே வாழ்க்கைக் குறிப்பாக வளர்ந்துவிட்டது. குங்குமப்பூவின் ஊரும் பிஸ்தாவின் நாடும் தெரியவருகின்றன. பாகு காய்ச்சிய ஹல்வாயியின் ஊர் மட்டும் தெரிவதில்லை.

எண்ணி விற்பதையே குறைசொல்ல முடியாது. கொல்கத்தாவில் ரசகுல்லாவும் சந்தேஷும் ஒன்று, இரண்டு என்றே விற்கப்படுகின்றன. அங்கே எவரும் அதைப் பகட்டாகக் கருதுவதில்லை. இந்தியின் ‘மிட்டாயி’ தமிழுக்குள் வந்து ‘மிட்டாய்’ ஆனபோது பெட்டிக்கடைப் போத்தலுக்குள் குடியேறி, சிறுவர் கையிலிருந்த நாணயத்துக்கு ஏற்ப எண்ணப்பட்டது. ஆக, மிக மலிவானதும் எண்ணப்படுகிறது, மிக விலையுயர்ந்ததும் எண்ணப்படுகிறது. இடைப்பட்டதே தராசில் ஏறுகிறது. ஆனால் போத்தல் மிட்டாயை எண்ணும்போது கையில் இருப்பது எவ்வளவு என்பதே கேள்வி. கண்ணாடிப் பேழையின் முன் அது யார் யாருக்கு என்ற கேள்வியாகிவிடுகிறது.

மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு மாணவி ஒருவர், வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய மாலை அத்தகைய கடையொன்றுக்குச் சென்றார். தேர்வு முடிந்ததும் துறையில் இனிப்பு வழங்குவது எழுதாத விதி. புறத்தேர்வாளர் வெளியூரிலிருந்து வருகிறார், வழக்கமான லட்டு சரிப்படாது என்று தோழியர் சொல்லியிருந்தனர். துண்டு 90 ரூபாய். துறையில் ஏறத்தாழ நாற்பது பேர், 3,600 ரூபாய். நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். வாய்மொழித் தேர்வு நாள் வருவதற்குள் அதுவும் நின்றுபோயிருக்கும் என்பதை இதைப் படிப்போருக்குச் சொல்லவேண்டியதில்லை.

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். நெறியாளர், புறத்தேர்வாளர், துறைத்தலைவர், ஆலோசனைக் குழுவினர் இருவர். ஐந்தாண்டுகளாக அவருடைய கோப்புகளை நகர்த்திய அலுவலக எழுத்தர். ஆய்வேட்டை இருமுறை கட்டிக்கொடுத்த நகலகத்து அண்ணன். இரவு பதினொரு மணிக்கும் முகம் சுளிக்காமல் கதவு திறந்த காவலர். தளத்தைத் துடைக்கும் அம்மா; அவர் பெயரை இதுவரை கேட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கிலோவில் வாங்கியிருந்தால் இந்தப் பட்டியலே தேவைப்பட்டிருக்காது. திறந்த பெட்டி மேசையில் கிடக்கும். கடந்து செல்பவர் எடுத்துக்கொள்வார். எவரையும் சேர்க்கவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம்.

விற்பனையாளர் பொறுமையாகக் காத்திருந்தார். மாணவி ஐந்து துண்டுகள் வாங்கினார். தங்கநிற நாடா கட்டிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பது ஆறுதல். திரும்பும் வழியில் முனிர்க்காவில் இறங்கி, ஒன்றரைக் கிலோ கடலைமாவு பர்ஃபியும் வாங்கினார். அங்கே அட்டைப்பெட்டியையும் சேர்த்தே நிறுத்தார்கள். சட்டம் அதை அனுமதிப்பதில்லை, ஆனால் சண்டைபோடும் நிலையில் அவர் இல்லை.

மறுநாள் தேர்வு நன்றாகவே முடிந்தது. துறை மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. எது யாருக்கு என்று எவரும் சொல்லவில்லை. காவலர் வந்தார், வாழ்த்துச் சொன்னார், நாடா கட்டிய பெட்டியின் பக்கம் பார்வையைத் திருப்பாமல் மற்றதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.