வானத்தில் கட்டிய உறி

வண்டி கண்ட நாள் முதலாக மனிதன் வீதியோடு வழக்காடி வருகிறான். மாட்டுவண்டிக்கு வைக்கோல் மெத்தை, குதிரைவண்டிக்கு இரும்புவில், மோட்டார் வண்டிக்குக் காற்றடைத்த ரயர் என்பன யாவும் அவ்வழக்கில் அவன் பெற்ற சிறு சிறு தீர்ப்புக்களேயாம். இரண்டு சக்கரங்களில் ஓடும் வண்டிக்கோ இவ்வழக்கு மிகவும் சிக்கலானது. வில் மென்மையாயிருந்தால் மேடுபள்ளங்களை விழுங்கிவிடும்; ஆனால் வளைவிலே வண்டி தள்ளாடும், பிறேக் பிடித்ததும் மூக்குக் குத்தும். வில் இறுகியிருந்தால் வளைவில் உறுதியுண்டு. அந்த உறுதிக்கு விலை என்னவென்பதை ஓட்டுபவனுடைய நாரியைக் கேட்டால் அறியலாம்.

இவ்விரண்டையும் ஒன்றாகப் பெற விரும்பியவர்களுள் இத்தாலியின் பொலோஞா நகரத்து டுக்காட்டி கம்பனியாரும் அடங்குவர். 1926 ஆம் ஆண்டில் வானொலிப் பாகங்கள் செய்யத் தொடங்கி, உலகப்போரின் பின் மோட்டார் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். 2003 ஆம் ஆண்டில் 'மல்ட்டிஸ்ட்ராடா' என்றொரு வண்டியை விற்பனைக்கு விட்டனர். இத்தாலிய மொழியில் அதற்குப் 'பல வீதி' என்பது பொருள். பந்தய வண்டியின் வேகமும், நெடும்பயண வண்டியின் சொகுசும், கரடுமுரடான பாதைக்கு வேண்டிய உயரமும் ஒருங்கே அமைந்தது. 2010 ஆம் ஆண்டில் வந்த 1200 வகையிலே ஓட்டமுறைகள் நான்கு. பொத்தானை அமுக்கி வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம். விளையாட்டு, பிரயாணம் என்ற இரு முறைகளில் 150 குதிரைவலு. நகரம், கரட்டுப்பாதை என்ற இரு முறைகளில் அது 100 ஆகக் குறைந்துவிடும். முகப்பிலே பறவையின் அலகு போன்றதொரு நீட்டமும் உண்டு. சேற்றைக் கண்டறியாத வண்டிகளுக்கும் அந்த அலகு இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இவ்வளவையும் நாம் தேடிப் படித்தது பொழுதுபோக்குக்காக அன்று. சுவிற்சர்லாந்திலே வாழும் எமது தமையனார் 2013 ஆம் ஆண்டு வண்டியொன்றை மற்றொருவரிடமிருந்து வாங்கியிருந்தார். அவருக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. படத்தைக் கைத்தொலைபேசியில் கண்ட அன்னையார் அன்றிரவு உண்ணவில்லை. 2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே நாம் தமையனாரிடம் புறப்பட்டபோது எமக்கு விதிக்கப்பட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, நீ போய் எப்பிடியாவது அதை விக்கப்பண்ணிப்போட்டு வா."

அன்னையாரின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1991 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்திலே பெற்றோல் காணக்கிடையாதிருந்த காலம். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயிலே புகை கக்கிக்கொண்டு ஓடின. பிரயாணத் தொடக்கத்துக்கு மட்டும் சில துளி பெற்றோல் ஊட்டுவர். ஒரு மாலைப்பொழுதில் தந்தையார் அன்னையாரைப் பின்னே இருத்திக்கொண்டு வரும்போது, மழைநீர் நிரம்பிய குழியொன்றிலே முன்சக்கரம் விழுந்தது. அன்னையார் சிராய்ப்போடு தப்பினார். தந்தையார் அதன்பின் ஊன்றுகோல் இன்றி நடந்ததில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் வீதியிலே தேங்கிய நீரைக் கண்டால் அன்னையார் ஒதுங்கியே செல்வார்.

தமையனாரின் வண்டி 2013 ஆம் ஆண்டினது என்றோமல்லவா? அந்த ஆண்டு முக்கியமானது. இலத்திரனியல் சஸ்பென்சன் அதற்கு முன்னரும் இருந்தது. 2004 ஆம் ஆண்டிலேயே பி.எம்.டபிள்யூ கம்பனியார் தமது கே 1200 எஸ் வண்டியில் சிறு மின்மோட்டார்களால் அதனை இறுக்கவும் தளர்த்தவும் வழி செய்திருந்தனர். ஆயினும் அது திருகாணி திருகும் வேலையைப் பொத்தானிடம் ஒப்படைத்ததே அன்றி வேறில்லை. வைத்தது வைத்தபடியே நிற்கும். 2013 ஆம் ஆண்டு மல்ட்டிஸ்ட்ராடா 1200 எஸ் வண்டியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக இறுகித் தளர்வது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸ்கைஹூக்', அதாவது வானத்துக் கொக்கி.

பெயர் விளம்பரகாரரின் கற்பனை அன்று. டீன் கார்னொப் முதலிய அமெரிக்க அறிஞர் 1974 ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. எமது பழைய வீடுகளின் அடுக்களையிலே உறி தொங்கும். கீழே பிள்ளைகள் ஓடித் திரிந்தாலும், உரலிலே மா இடித்தாலும், உறியிலுள்ள தயிர்ச்சட்டி தளும்பாது. அது நிலத்தை நம்பாமல் மேலே பற்றிக்கொண்டிருக்கிறது. வண்டியின் உடலையும் அவ்வாறே அசையாத வானத்தோடு பிணைத்துவிட்டால், கீழே சக்கரம் எப்படித் துள்ளினாலும் ஓட்டுபவன் ஆடமாட்டான். வானத்திலே கொக்கி மாட்ட வழியில்லை. ஆகவே, மாட்டியது போல நடிப்பதற்கு ஓர் உபாயம் கண்டனர். சக்கரத்தோடு அசையும் பாகத்திலும், உடலோடு அசையும் பாகத்திலும் உணரிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அதிர்வுதாங்கியின் எதிர்ப்பு உடலின் ஆட்டத்தைத் தணிக்கும் கணத்தில், கணினி எண்ணெயின் வழியைச் சுருக்கி அதனை இறுக்குகிறது. அதே எதிர்ப்பு ஆட்டத்தைத் தூண்டும் கணத்தில் வழியைத் திறந்துவிட்டுத் தளர்த்துகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இது பன்முறை நிகழும். திருவிழாவிலே சுவாமி காவுவோரைப் பார்த்திருப்பீர்கள். மேடு வந்தால் முழங்காலை மடிப்பர், பள்ளம் வந்தால் நிமிர்வர். மேலே குடை ஆடாது. ஆனால் அவர்கள் தம் வலிமையால் தூக்கவும் வல்லவர். இக்கருவி தூக்காது, விட்டுக்கொடுக்கவும் மறுக்கவும் மட்டுமே அறியும்.

தமையனார் எம்மைப் பின்னே இருத்தி ஒரு பொத்தானை அமுக்கினார். சிறு திரையிலே தலைக்கவசம் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு தோன்றின. உள்ளே எங்கோ ஒரு மோட்டார் முனகிப் பின்வில்லை இறுக்கியது. எமது பாரத்தையும் யந்திரம் கணக்கிலே சேர்த்துக்கொண்டது கண்டு சற்றே மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்!

பெருந்தெருவிலே சட்டம் அனுமதிக்கும் எல்லை 120 கிலோமீற்றர். அந்த வேகத்தை முள்ளைப் பார்த்தல்லாமல் உடம்பால் நாம் உணரவில்லை. எமக்கு அச்சம் தந்தது அதுவே. எங்கள் ஊரிலே வீதியின் குலுக்கமே வேகத்துக்குக் கடிவாளம். 50ஐத் தாண்டினால் பற்கள் மோதிக்கொள்ளும். இங்கே எச்சரிப்பவர் யாருமில்லை. 1980 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கொத்தாட் வீதிச் சுரங்கத்துள் புகுந்து, ஏறக்குறைய 17 கிலோமீற்றர் வெக்கையிலே வெந்து, ஐரோலோ என்னும் ஊரிலே வெளிச்சத்தைக் கண்டோம்.

அங்கிருந்து கணவாய்க்கு ஏறும் பழைய பாதைக்குத் திரெமோலா என்று பெயர். நடுங்கும் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பொருள் சொல்வர். குதிரைவண்டிகளுக்காக 1830 ஆம் ஆண்டளவில் அமைத்த பாதை. சதுரக் கற்கள் பாவியது. கொண்டையூசி வளைவுகள் 24. முதலில் விளையாட்டு முறையிலே ஏறினோம். ஒவ்வொரு கல்லும் தன் வருகையை முதுகெலும்பிலே பதிந்துவிட்டுச் சென்றது. ஆறாவது வளைவு கடந்ததும் தமையனார் பிரயாண முறைக்கு மாற்றினார். அதே கல், அதே ஆசனம், அதே 25 கிலோமீற்றர் வேகம்; ஆனால் யாரோ பாதைமேல் பாய் விரித்தது போலிருந்தது. கற்களின் ஓசை கேட்டது, அடி விழவில்லை. வகுப்பிலே ஆண்டுதோறும் கரும்பலகையில் நாம் வரையும் வில்லும் அதிர்வுதாங்கியும் எமக்குக் கீழே உயிரோடு உழைத்துக்கொண்டிருந்தன.

உச்சியிலே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கோப்பி குடித்தோம். அன்னையாரின் கட்டளையைச் சொல்ல இதுவே சமயம் என்று வாயெடுத்தோம். அவருக்கு அது முன்னரே தெரிந்திருந்தது.

"இந்த நாட்டுக்கு வந்து 27 வருசம்," என்றார். "அதிலை முக்கால்வாசி குசினிக்குள்ளை போச்சுது. வெளியிலை மலை இருக்கெண்டு தெரியும். ஒருநாளும் பார்க்கேல்லை. அம்மா சொன்னால் விக்கிறன். ஆனால் அவ கேக்கிறதுக்குப் பதில் சொல்லிப்போட்டு விக்கிறன்."

கைத்தொலைபேசியிலே அன்னையாரை அழைத்தோம். யந்திரத்தின் திறமையை எல்லாம் நாம் விளக்கினோம். உறியையும் சுவாமி காவுவதையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அன்னையார் கேட்டது ஒரே கேள்வி.

"உது குழியைக் காணுமோ?"

பௌதிகம் படித்த எம்மால் அதற்குப் பொய் சொல்ல முடியவில்லை. காணாது. சக்கரம் விழுந்த பின்னரே அது அறியும். அறிந்த பின் அடியைக் குறைக்கும், அவ்வளவே. 2020 ஆம் ஆண்டில் அறிமுகமான நான்கு உருளை மல்ட்டிஸ்ட்ராடாவுக்கு முன்னும் பின்னும் ராடார் பொருத்தலாம். அந்த ராடாரும் முன்செல்லும் வாகனத்தைக் கண்டு வேகம் குறைப்பதற்கும், பக்கத்தில் வருவதை எச்சரிப்பதற்கும் உரியதே, குழிக்கு உரியதன்று. உள்ளதை உள்ளபடி சொன்னோம். தமையனார் கோப்பிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுமுனையிலே சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் அன்னையாரின் குரல் வந்தது.

"அப்ப, இருட்டினாப் பிறகும் மழைக்குள்ளையும் எடுக்க வேண்டாமெண்டு பெரியவனுக்குச் சொல்லு. இப்ப அங்கை என்ன நேரம்? வெளிச்சத்தோடை இறங்குங்கோ."