உப்பில் நிற்கும் கண்டலும் கருகும் நெல்லும்

ஏர்வாடி கடலோரத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு வருஷா வருஷம் ஒரே கேள்விதான். உப்பங்கழி ஓரத்து வெண்கண்டல் பச்சைப்பசேலென்று நிற்கிறது. கூப்பிடு தூரத்தில் புழுதியில் விதைத்த நெல்லோ, மழை பத்து நாள் தள்ளிப்போனால் நுனி கருகிவிடுகிறது. "விதைக்காசு கூட வரலை, வித்துருவோம்ப்பா" என்கிறான் மகன்.

விவசாயக் கல்லூரியில் படித்த அக்கா மகள்தான் அவருக்கு விவரம் சொன்னாள்.

"உப்பு ஏறினா இலைத்துளை மூடிக்கும் மாமா. வெயில் மட்டும் விழுந்துட்டே இருக்கும். அந்தச் சக்தி செலவாகாம, ஆக்சிஜனை நஞ்சா மாத்திடும். இலை உள்ளுக்குள்ளேயே வெந்து போகும்."

அந்த நஞ்சை முறிப்பது சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி. 1969-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் இதன் வேலையைக் கண்டறிந்தார்கள். இந்த நொதி நஞ்சை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்ற, வேறு நொதிகள் அதைத் தண்ணீராக்கிவிடும். இதில் ஒரு வகைக்குத் தாமிரமும் துத்தநாகமும் தேவை.

இலையில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முயல் உதவுகிறது. நொதியை முயலுக்கு ஊசி போட்டால், அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும். இலைச்சாற்றிலுள்ள எத்தனையோ புரதங்களில் அந்த நொதியை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். பிடித்த இடம் பட்டையாகத் தெரியும். பட்டை தடித்திருந்தால் நொதி அதிகம்.

சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழுவினர், வெண்கண்டலின் இந்த நொதிக்கான மரபணுவை பூசா பாசுமதி-1 நெல்லில் சேர்த்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். உப்புக் கரைசலில் அந்தப் பயிர்கள் 8 நாள் தாங்கின. சாதாரணப் பயிர்கள் வாடின. ஆனால், அந்த நெல் விதைக்கடைக்கு வரவில்லை.

"அப்ப எனக்கு என்ன வழி?" என்றார் அவர்.

"கண்டலுக்கு இந்த நொதி மட்டும் இல்ல மாமா, இலை வழியா உப்பை வெளியே தள்ளுற சுரப்பியும் இருக்கு. நெல்லுக்கு அது கிடையாது. அதனால மண்ணுலயே உப்பைக் குறைக்கணும்."

முதலில் மண் பரிசோதனை. மின்கடத்துதிறன் 4-க்கு மேல் என்றால் உவர் நிலம். அதற்கு ஜிப்சம் பயன்படாது. அது களர் நிலத்துக்குத்தான். உவருக்கு, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். துத்தநாகக் குறை தெரிந்தால் எக்டருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் இடலாம். விதைக்கு, உப்பைத் தாங்கும் நம் பாரம்பரிய ரகமான குழியடிச்சான் இருக்கிறது.

விற்பதைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த ஆவணியில் அரை ஏக்கரில் மட்டும் குழியடிச்சான் விதைக்க முடிவு செய்திருக்கிறார். மண் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது.