பெயர்கள் அழியாத ஊர்



ஹெலன்ஸ்பர்க் என்றதும் நம்மவர் பலருக்கு வெங்கடேசப் பெருமாள் கோவிலே நினைவுக்கு வரும். ஆயினும் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி எழுந்த ஊர். அதற்குத் தெற்கே, போர்ட் கெம்ப்லா இரும்பாலையில் உழைக்க, பால்கன் நாடாகிய வட மாசிடோனியாவின் பிட்டோலாப் பகுதிக் கிராமத்தவர் பலர் வந்து குடியேறினர். இங்கே அவர்களுடைய ஆலயங்கள் எழுந்தன. அங்கே கிராமங்கள் பல முதியோர் சிலருடன் தனித்துவிட்டன. ஊர் வெறுமையாவதற்குப் போர்தான் வேண்டும் என்பதில்லை.

நம் ஊர்களுக்குப் போரும் வந்தது. கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவின் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் 1992இல் தீவை விட்டு வெளியேறி, முழங்காவிலை அடுத்த இரணைமாதாநகரில் வாழ்ந்தன. தீவில் கடற்படை நிலைகொண்டது. மக்கள் 2017 மே 1 தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு அறவழியில் போராடினர். 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக்கொடி ஏந்திப் படகுகளில் சென்று தாமே கரையேறினர். சிதைந்து கிடந்த தம் ஆலயத்தில் செபித்தனர். இருபத்தாறு ஆண்டுகள் அந்த ஊர் அவர்களின் நினைவில் குடியிருந்தது.

அவர்கள் அக்கரையில் காத்திருந்தனர். நாமோ பெருங்கடல் கடந்துவிட்டோம். இங்கே பிறந்த நம் பிள்ளைகளின் நினைவில் எந்த ஊர் குடியிருக்கிறது?

எருசலேமின் மதிலைக் கட்டி முடித்ததும் நெகேமியா, சிறையிருப்பிலிருந்து முதலில் திரும்பியோரின் தலைமுறை அட்டவணையைத் தேடி எடுத்தார். ஏழாம் அதிகாரத்தின் அந்த நீண்ட பெயர்ப்பட்டியலை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். மதிலைப் போலவே பெயர்களும் நகரத்தைத் தாங்கின என்பதை அவர் அறிந்திருந்தார்.

நமக்கும் அத்தகைய பட்டியல் உண்டு: நம் ஊர்ப் பங்குகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். ஆலயத் திருப்பணிக்கு நீங்கள் தாராளமாக வழங்குகிறீர்கள். இறைவன் கைம்மாறு அளிப்பாராக. அத்துடன் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த முறை ஊர் செல்கையில், பங்குத்தந்தையின் அனுமதியுடன் உங்கள் குடும்பத்தின் பதிவுகளைப் படி எடுங்கள். முதியோரிடம் கிணறுகள், வயல்கள், மீன்பிடித் துறைகளின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளையும் அருகே இருத்துங்கள். முதியோர் காத்திருக்கிறார்கள், காலம் காத்திராது.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.