வாய் திறவாத நிரல்

கணினித் திரையிற் சாளரமும் பொத்தானும் பட்டியலும் வரைந்துதவும் ‘லைப்ரரி’களுள் ஜி.டி.கே. என்பது ஒன்று. எம் துறையில் முன்னர்ப் பயின்ற ஒருவர் அதனைத் துணைக்கொண்டு, சங்க நூற்சொற்களைத் தேடித் தரும் சிறு நிரலொன்றைப் பைத்தன் மொழியில் ஆக்கி வைத்துச் சென்றார். தேர்வுக் காலத்தில் எமக்கு அதுவே ஊன்றுகோல். அத்தகைய காலமொன்றில், கணினிகளில் ஜி.டி.கே.யின் நான்காம் பதிப்பு நிறுவப்பெற்றதும், அந்நிரல் வாய் திறவாது நின்றுவிட்டது.

நுணுகி நோக்கியவழிக் காரணம் புலனாயிற்று. மூன்றாம் பதிப்பும் நான்காம் பதிப்பும் ஒரே கணினியில் ஒருங்கு உறையக் கூடியன. எது வேண்டுமென நிரல் கூறாதிருப்பின், உள்ளவற்றுட் புதியது எடுத்துக்கொள்ளப்படும். எச்சரிக்கை ஒன்று மட்டும் தோன்றும். எச்சரிக்கையைப் படிப்பார் உலகிற் சிலரே! ‘3.0’ எனப் பதிப்பெண் குறிக்கும் வரியொன்றை நிரலின் தலையிற் சேர்த்தோம். அது மீண்டும் இயங்கிற்று. தேர்வும் முடிந்தது.

அவ்வளவில் அமையலாம் என்றனர் எம்முட் சிலர். அவர் கூற்றும் இகழற்பாலதன்று. ஜிம்ப் என்னும் படந்தீட்டு நிரலுக்கென்றே பிறந்தது ஜி.டி.கே.; அந்த ஜிம்ப் தானும், 2011இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிற்கு 2025இலேதான் மாறிற்று. எனினும், பழம்பதிப்புக் கிடையாத நாளில் எமக்குப் பின் வரும் மாணவர் என் செய்வர் என்றெண்ணி, விடுமுறையில் நிரலைத் திருத்தப் புகுந்தோம்.

2020இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் உறுப்புகள் இயல்பாகவே காட்சி தருமாதலின், ‘ஷோ ஆல்’ என்னும் ஏவல் ஒழிந்தது, அதனை அடித்துவிட்டோம். இங்ஙனம் பிழையெனக் கணினி கூவும் இடங்கள் எளியன. கூவாத இடங்களே எம்மை அலைத்தன. ‘பேக் ஸ்டார்ட்’ நின்ற இடத்தில் ‘அப்பெண்ட்’ என்று எழுதினோம், நிரல் ஓடிற்று, சொற்பட்டியலோ இரு விரற்கடை உயரமாய்ச் சுருங்கிக் கிடந்தது. இடங்கொண்டு விரிக என்னும் ஆணை முன்னர்ப் பட்டியலைப் பெட்டியில் வைக்கும்போதே உடன் தரப்பட்டது. இப்பொழுது அப்பட்டியலின் பண்பாகவே தனித்து எழுதல் வேண்டும். இதனை அறிய ஒரு பகல் கழிந்தது.

வினாப்பெட்டிகளே பெருந்தொல்லை. பழைய முறையில், விடை வருமளவும் நிரல் அவ்வரியிலேயே காத்து நிற்கும். அங்ஙனம் நிற்கச் செய்யும் ‘ரன்’ இப்பொழுது இல்லை. விடை வந்தபின் ஆற்றவேண்டியதைத் தனிக்கூறாக எழுதி ஒப்படைத்துவிட்டு, நிரல் மேற்செல்லும். ஆகவே சொல்லை மாற்றினாற் போதாது. வினாவெழும் இடந்தோறும் செயல் நிகழும் முறையையே புதிதாக அமைத்தோம். விடுமுறையின் பெரும்பகுதி இதிலேயே சென்றது.

இப்பொழுது நிரல் நான்காம் பதிப்பில் இயங்குகின்றது. அதன் தலையில் ‘4.0’ என்று மறவாது எழுதியுள்ளோம்.