கடல் மட்டம்

இயந்திரத்துக்கு இடம் பற்றிய பிரக்ஞை இல்லை என்பது பொதுவான நம்பிக்கை. சேலத்தில் ஓடுவது சென்னையிலும் ஓடும் என்று நினைக்கிறோம். கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தவனுக்கு இந்த நம்பிக்கை நிலைக்காது.

யேற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரைக் காற்றைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. ஏரியில் துடுப்பையும் மிதிபடகையும் பார்த்துப் பழகிய இந்த ஊருக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஒரு கடல் எஞ்சின் வந்ததற்குக் காரணம் குடும்பம். என் மாமனார் முட்டத்தில் கடல் தொழில் செய்தவர். 1980களில் குமரிக் கடற்கரையில் ஒட்டுப்பலகை வள்ளங்களும், அவற்றின் பின்னால் மாட்டும் மண்ணெண்ணெய் எஞ்சின்களும் பரவியபோது அவரும் ஒன்று வாங்கினார். எட்டுக் குதிரைசக்தி. அவர் காலத்துக்குப் பிறகு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. மைத்துனன் தன் ஃபைபர் படகில் அதை உபரியாக வைத்துக்கொள்ள விரும்பினான். பட்டறையில், இந்த மாடலுக்குச் சாமான் வருவதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். "நீங்க பொறுமையா பாப்பிய, அத்தான்" என்று ஏற்றி அனுப்பிவிட்டான்.

உப்பு, அலுமினியத்தையும் இரும்புத் திருகுகளையும் ஒன்றாக்கியிருந்தது. அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். சூடேற்றி, எண்ணெய் விட்டு, ஓர் இரவு காத்திருந்து, கால் சுற்று முன்னும் பின்னுமாகத் திருப்பினேன். அவசரப்பட்டால் திருகின் தலை மட்டும் கையோடு வரும். தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் இறக்கைகள் கல்லாகியிருந்தன. அளவு பார்த்து வேறு போட்டேன். விசிறியைத் தண்டோடு பிணைக்கும் பித்தளைப் பின் இருந்த இடத்தில் யாரோ இரும்பு ஆணியை அடித்திருந்தார்கள். விசிறி பாறையில் மோதினால் பின் உடைந்து பல்சக்கரத்தைக் காப்பாற்ற வேண்டும். உடைவதற்கென்றே வைத்த ஒன்றை உறுதியாக்கியிருந்தார்கள். மறுபடி பித்தளையே போட்டேன்.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி மாட்டினேன். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். ஓடியது. பக்கவாட்டில் தண்ணீர் நூலாக வந்தது. ஆனால் கரும்புகை, திக்கல், பிளக்கில் கரி. காற்று மெலிந்த இடத்தில் எரிபொருள் மிஞ்சுகிறது. இதை நிச்சயப்படுத்திக்கொள்ளச் சற்றுச் சிறிய ஜெட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் உடனே சீரானது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு அதைக் கழற்றிப் பழைய ஜெட்டையே மாட்டினேன், மறுபடி திக்கல்.

என் மனைவிக்கு இது புரியவில்லை. "நல்லா ஓடினத ஏன் கெடுக்கிய? தம்பி இத நம்பில்லா கடலுக்குப் போவான்?"

அவன் போவதால்தான். சிறிய ஜெட்டோடு முட்டத்துக்கு இறங்கினால், அங்குள்ள அடர்ந்த காற்றுக்கு எரிபொருள் போதாது. பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். அது கரையில் நடக்காது; பாரத்தோடு, நடுக்கடலில் நடக்கும். இங்கே மோசமாக ஓடும் நிலையிலேயே நான் அதை அனுப்பியாக வேண்டும். சரியாக ஓடுவதை என் காதால் கேட்கும் வாய்ப்பு எனக்கு இல்லை.

நாம் பத்துப் பேர் கூடி வாசிக்கிறோம். அந்த அறையின் காற்றுக்கு ஏற்றபடி ஒரு வரியைக் குறைக்கிறோம், ஒரு சொல்லை இறுக்குகிறோம். அறையில் தலைகள் ஆடுகின்றன. அந்தப் படைப்பு இறங்கிப் போகவேண்டிய இடத்தில் காற்று எப்படி இருக்கும் என்ற கணக்கை அநேகமாக யாரும் போடுவதில்லை. அதைப் போடுகிறவன், நண்பர்கள் முன்னால் திக்கித் திக்கி ஓடும் ஒன்றை வைத்துக்கொண்டு நிற்க நேரும். அவனுக்குக் கணக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை. கணக்கு தப்பாது என்று நானும் சத்தியம் செய்யமாட்டேன்.

மனைவி நெடுநேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப மொதல்ல கரையோரமாவே ஓட்டிப் பாக்கட்டும். கூட இன்னொரு படகு போகட்டும். எழுதிக் குடுங்க" என்றாள்.

அவள் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி, ஆறு பித்தளைப் பின்களோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு எஞ்சினின் கைப்பிடியில் கட்டினேன். ஆணி போடக்கூடாது என்பதை இரண்டு முறை எழுதினேன். சிறிய ஜெட்டை அனுப்பவில்லை.