செல்லாக்காசின் ஓசை

லண்டன். ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடம். 1972.

ஓர் அடிக்கோல். ஒரு பிளேடு. ஒட்டு நாடா. பழுப்பு நிற ஒலிநாடாச் சுருள்கள்.

நிக் மேசன் டிரம்ஸ் வாசிப்பவர். இப்போது கையில் குச்சிகள் இல்லை. பழைய பென்னிக் காசுகள். முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்து தசம நாணயத்துக்கு மாறியது. இந்தக் காசுகளை இனி எந்தக் கடையிலும் வாங்கமாட்டார்கள். ஒவ்வொன்றிலும் துளை போட்டிருக்கிறார். நூலில் கோத்திருக்கிறார். மைக் முன்னால் காசுகள் ஒன்றோடொன்று உரசுகின்றன.

ரோஜர் வாட்டர்ஸ் இன்னோர் ஓசையைக் கொண்டுவந்திருக்கிறார். அவர் மனைவி மண்பாண்டக் கலைஞர். களிமண் குழைக்கும் பெரிய கிண்ணம் வீட்டில் இருக்கிறது. அதில் சில்லறையை வீசிச் சுழலவிட்டு, அந்த ஓசையைப் பதிவு செய்திருக்கிறார்.

காகிதம் கிழிகிறது. அதற்கு ஒரு தாளும் ஒரு மைக்கும் போதும். கல்லா இயந்திரத்தின் கிணுக்கொலி கூடத்தின் ஒலிநூலகத்திலிருந்து வருகிறது.

மொத்தம் ஏழு ஓசைகள். ஒவ்வொன்றும் இருக்கும் நாடாவை அடிக்கோலால் அளக்கிறார்கள். ஏழு துண்டும் ஒரே நீளம். பிளேடு இறங்குகிறது. துண்டோடு துண்டை ஒட்டுகிறார்கள். கடைசித் துண்டின் முனை முதல் துண்டின் முனையோடு சேர்கிறது. நாடா வளையமாகிறது.

வளையம் இயந்திரத்தில் அடங்கவில்லை. மைக் ஸ்டாண்டைச் சுற்றிக் கொண்டுபோய் விறைப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பொத்தானை அழுத்துகிறார்கள். காசு, காகிதம், கல்லா. மறுபடியும் காசு, காகிதம், கல்லா.

ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு தாளம் கேட்டுப் பழகிய காதுக்கு அது புதிதல்ல. ராக் இசையில் அபூர்வம். வாட்டர்ஸின் பேஸ் கிடார் அந்த ஏழில் ஏறிக்கொள்கிறது. டிக் பாரியின் சாக்ஸபோனும் ஏழிலேயே வருகிறது. டேவிட் கில்மோரின் கிடார் தனித்து வாசிக்கும் இடத்தில் தாளம் நான்குக்கு மாறுகிறது. வாசித்து முடித்ததும் ஏழு திரும்புகிறது.

பாட்டின் பெயர் ‘மனி’.

*

குழுவின் பெயர் பிங்க் ஃபிளாய்ட். நான்கு பேர். வாட்டர்ஸ், கில்மோர், மேசன், கீபோர்டில் ரிச்சர்ட் ரைட். ஏழு இசைத்தட்டுகள் வந்துவிட்டன. பிரிட்டனில் பெயர் இருக்கிறது. அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் அவர்கள் தொட்ட உச்சம் 46ஆவது இடம்.

ஐந்தாவது ஆள் ஒருவர் இருந்தார். சிட் பாரெட். ஆரம்ப காலப் பாட்டுகளில் பெரும்பாலானவை அவருடையவை. மனம் கலங்கியது. 1968இல் குழுவைவிட்டுப் போனார். வாட்டர்ஸ் எழுதும் புதிய வரிகளில் அவர் இருக்கிறார். பெயர் இல்லை.

மேசன் வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு பட்டியல் உருவாகிறது. மனிதனை நெருக்குபவை எவை? ஓயாத பயணம். கெடு தேதி. பணம். மரண பயம். புத்தி பேதலிப்பு. நான்கு பேரும் முப்பதை எட்டவில்லை.

பட்டியல் பாட்டுகளாகிறது. பாட்டுகள் மேடைக்குப் போகின்றன. 1972 ஜனவரி 20. பிரைட்டன் டோம் அரங்கம். கச்சேரி ‘மனி’க்கு வருகிறது. கருவிகள் தகராறு செய்கின்றன. பாதியில் நிறுத்துகிறார்கள். அந்த வருஷம் முழுக்க ஊர் ஊராக அந்தப் பாட்டுகளையே வாசிக்கிறார்கள். இசைத்தட்டு இன்னும் இல்லை.

*

கட்டுப்பாட்டு அறையில் ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். வயது 23. கூடத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர். வாரம் 35 பவுண்டு.

அவரிடம் ஒரு நாடா இருக்கிறது. பழங்காலக் கடிகாரங்கள் விற்கும் கடைக்குப் போய்ப் பதிவு செய்தது. ஒவ்வொரு கடிகாரமும் தனித்தனியே. வேறொரு வேலைக்காகப் பதிவு செய்து வைத்தது. குழு காலத்தைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருக்கிறது. பார்சன்ஸ் நாடாவை எடுத்துக் கொடுக்கிறார். கடையில் தனித்தனியே அடித்த மணிகள் இப்போது ஒரே நொடியில் அடிக்கின்றன.

இதயத் துடிப்பும் வேண்டும். மேசன் பெரிய டிரம்மைத் துணியால் பொதிகிறார். மெல்லத் தட்டுகிறார். இசைத்தட்டு அதில் தொடங்கும்; அதிலேயே முடியும்.

சில இரவுகளில் வேலை நின்றுவிடுகிறது. தொலைக்காட்சியில் கால்பந்து. இல்லையென்றால் மான்டி பைத்தான் குழுவின் நகைச்சுவை. நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பி வருகிறார்கள்.

*

வாட்டர்ஸ் அட்டைகள் எழுதுகிறார். அட்டைக்கு ஒரு கேள்வி. விளக்கை மங்கலாக்கிய அறை. மைக் முன்னால் ஓர் ஆள். அட்டையைப் பார்க்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். அடுத்த அட்டை.

முதல் கேள்விகள் சுலபம். பிடித்த நிறம் எது, பிடித்த உணவு எது. பிறகு மாறுகிறது. கடைசியாக எப்போது கைநீட்டினீர்கள்? உங்கள் பக்கம் நியாயம் இருந்ததா? சாவுக்குப் பயப்படுகிறீர்களா?

கூடத்தில் யார் கண்ணில் பட்டாலும் அழைக்கிறார்கள். கருவிகளைச் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர்கள் வருகிறார்கள். பக்கத்துக் கூடத்தில் பால் மெக்கார்ட்னி வேறொரு இசைத்தட்டுக்கு வேலை செய்கிறார். அவரும் வந்து உட்காருகிறார். யோசித்து, அளந்து, சாமர்த்தியமாகப் பதில் சொல்கிறார்.

கூடத்தின் வாயிற்காவலர் ஜெர்ரி ஓட்ரிஸ்கால். அயர்லாந்துக்காரர். அவர் யோசிப்பதில்லை. கேட்டதற்கு மனதில் பட்டதைச் சொல்கிறார்.

மெக்கார்ட்னியின் பதில்கள் இசைத்தட்டில் இல்லை. இசைத்தட்டின் கடைசிக் குரல் வாயிற்காவலருடையது.

*

1973 ஜனவரி 21. ஞாயிறு மாலை. கிளேர் டோரி வருகிறார். வயது 25. கூலிக்குப் பாடும் பாடகி. சனிக்கிழமைக்குத்தான் கூப்பிட்டார்கள். அன்று சக் பெர்ரி கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியிருந்தார். வரமுடியாது என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு என்பதால் கூலி இரட்டிப்பு. 30 பவுண்டு.

ரைட்டின் பியானோவைப் போட்டுக் காட்டுகிறார்கள். இது மரணத்தைப் பற்றியது என்கிறார்கள். வரிகள் இல்லை. மெட்டும் இல்லை. என்ன பாட வேண்டும் என்று அவர் கேட்கிறார். அவர்களுக்கும் தெரியவில்லை.

காதொலிப்பானை மாட்டிக்கொள்கிறார். ராக் பாட்டுகளில் வழக்கமாக வரும் சில சொற்களைப் போட்டுப் பாடிப் பார்க்கிறார். சொற்கள் வேண்டாம் என்கிறார்கள். கொஞ்சம் யோசிக்கிறார். குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்கிறார்.

பியானோ தொடங்குகிறது. குரல் எழுகிறது. ஒப்பாரி அல்ல. பிரார்த்தனை அல்ல. முதலில் கத்தல், பிறகு இறைஞ்சல், பிறகு முனகல். ஒரு முறை முடிகிறது. இரண்டாம் முறை முடிகிறது. மூன்றாவதன் பாதியில் நிறுத்திக்கொள்கிறார். இதற்குமேல் பாடினால் நடிப்பாகிவிடும் என்று அவருக்குத் தோன்றுகிறது.

கட்டுப்பாட்டு அறைக்கு வருகிறார். முகத்தில் கூச்சம். அதிகம் கத்திவிட்டேனோ என்று மன்னிப்புக் கேட்கிறார். யாரும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. நன்றி என்கிறார்கள்.

இதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போகிறார். பிறகு ஒரு நாள் இசைத்தட்டுக் கடை. கறுப்பு அட்டை ஒன்று கண்ணில் படுகிறது. எடுத்துப் பார்க்கிறார். பெயர்ப் பட்டியலில் அவர் பெயர்.

*

கலவை வேலை. வாட்டர்ஸுக்கு ஒலி வறண்டு, தெளிவாக இருக்க வேண்டும். கில்மோருக்கு எதிரொலி வேண்டும், ஈரம் வேண்டும். இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை. வெளியிலிருந்து தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸை அழைக்கிறார்கள். அவர் நடுவில் உட்காருகிறார்.

இசைத்தட்டின் அட்டை வேலை. வடிவமைப்பாளர் ஸ்டார்ம் தார்கர்சன் பல மாதிரிகளோடு வருகிறார். ஒன்றில் முப்பட்டகம். வெள்ளை ஒளி உள்ளே போகிறது. நிறங்களாக வெளியே வருகிறது. பள்ளி இயற்பியல் புத்தகத்தில் எல்லோரும் பார்த்த படம். நிறங்கள் ஆறுதான், கருநீலம் இல்லை. இதுதான் என்று நான்கு பேரும் கைகாட்டுகிறார்கள். மற்றதையும் பாருங்களேன் என்கிறார் அவர். அவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

முகப்பில் குழுவின் படம் இல்லை. பெயரும் இல்லை.

‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ தயார்.

1973 பிப்ரவரி 27. லண்டன் கோளரங்கம். பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். நான்கு திசையிலிருந்தும் ஒலிக்கும் பதிப்பு முடியவில்லை. அங்கிருக்கும் ஒலிபெருக்கிகளும் சரியில்லை. குழுவுக்கு அதில் உடன்பாடில்லை. ரைட் மட்டும் வருகிறார். மற்ற மூவரும் வரவில்லை. ஆளுயர அட்டை உருவங்கள் நிற்கின்றன. விருந்தினர்கள் உருவங்களுக்குப் பக்கத்தில் கோப்பையோடு நிற்கிறார்கள்.

*

லாஸ் ஏஞ்சலஸ். அமெரிக்காவில் குழுவின் இசைத்தட்டுகளை விற்கும் கேபிட்டல் ரெக்கார்ட்ஸின் வட்டக் கோபுரம். தலைமை நாற்காலியில் பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அவர் தந்தை கே.ஆர்.கே. மேனன் இந்திய நிதித்துறைச் செயலராக இருந்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒரு ரூபாய்த் தாள்களில் தந்தையின் கையெழுத்து இருக்கிறது.

மகன் பொறுப்பேற்றபோது நிறுவனம் நஷ்டத்தில் கிடந்தது. பிங்க் ஃபிளாய்ட் அமெரிக்காவில் விற்காது என்பது அங்கே பழகிப்போன பேச்சு. மேனன் அதை ஏற்கவில்லை. விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குகிறார். ரேடியோவுக்கென்று சுருக்கிய பாட்டுகள் போகின்றன.

மார்ச் 1. அமெரிக்கக் கடைகளில் கறுப்பு அட்டை. ஏப்ரல் 28. பில்போர்டு பட்டியலில் முதலிடம். ஒரே ஒரு வாரம்.

மே மாதம் ‘மனி’ தனித்தட்டாக வருகிறது. 13ஆவது இடம்வரை ஏறுகிறது. கார் ரேடியோக்களில் காசு குலுங்குகிறது.

அதற்கு முன்பெல்லாம் இந்தக் குழுவின் கச்சேரியில் மெல்லிய இடங்கள் வந்தால் அரங்கம் மூச்சடக்கிக் கேட்கும். அந்தக் கோடையில் அமெரிக்காவில் கூட்டம் பெருகுகிறது. விளையாட்டு மைதானங்கள் நிரம்புகின்றன. மெல்லிய இடம் வருகிறது. விசில். ‘மனி’ என்று ஒரு குரல். மறுபக்கத்திலிருந்து இன்னொன்று. கில்மோர் கிடாரைப் பார்த்தபடி வாசிக்கிறார்.

பணம் வருகிறது. அதில் ஒரு பங்கு மான்டி பைத்தான் குழு எடுக்கும் சினிமாவுக்குப் போகிறது.

முதலிடம் போனபின்னும் இசைத்தட்டு பட்டியலைவிட்டு நெடுநாள் விலகியிருக்கவில்லை. 1973 போகிறது. பங்க் இசை வந்து போகிறது. டிஸ்கோ வந்து போகிறது. குறுந்தகடு வருகிறது, அதிலும் இதே முப்பட்டகம். இடையில் வாட்டர்ஸ் குழுவைவிட்டு விலகுகிறார். வழக்கறிஞர்கள் வருகிறார்கள். 1988இல் இசைத்தட்டு பட்டியலிலிருந்து இறங்கும்போது கணக்கு 741 வாரம். உலக விற்பனை நான்கு கோடியைத் தாண்டியிருக்கிறது.

கூடத்தின் சம்பளப் பட்டியலில் இருந்த பார்சன்ஸுக்கு கிராமி விருதுக்கான பரிந்துரை கிடைத்தது. பிறகு வேலையைவிட்டுத் தன் பெயரில் ஒரு குழு தொடங்கினார்.

அந்த ஞாயிறு மாலைப் பாட்டுக்கு உரிமையாளராக இசைத்தட்டில் இருந்த பெயர் ரைட்டுடையது மட்டும். 2004இல் கிளேர் டோரி லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார். வரியும் மெட்டும் தராமல் பாடச் சொன்னார்கள். அந்த மெட்டு தன் குரலில் பிறந்தது என்பது அவர் வாதம். 2005இல் வழக்கு சமரசத்தில் முடிகிறது. தொகை வெளியே சொல்லப்படவில்லை. அதற்குப் பிறகு அச்சான பிரதிகளில் அந்தப் பாட்டுக்கு இரண்டு பெயர்கள்: ரிச்சர்ட் ரைட், கிளேர் டோரி.